கண்டுபிடிக்கப்படாத ஸ்லீப் ஆப்னியா: ஒரு ரயில் விபத்தின் நிகழ்வு ஆய்வு

2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸியிலிருந்து 5.54க்குக் கிளம்பிய மெட்ரோ-நார்த் பயணிகள் ரயில், 7.43க்கு நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை அடைந்திருக்க வேண்டும். பிராங்க்ஸ் பகுதியில் ஸ்பைட்டன் டைவில் நிலையத்துக்குச் சற்று முன்னால், ஹட்சன் ஆற்றை ஒட்டி வரும் தண்டவாளம் ஹார்லெம் ஆற்றின் பக்கம் சட்டென்று திரும்புகிறது. அந்த வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். ரயில் 82 மைல் வேகத்தில், 132 கிலோமீட்டரில் உள்ளே நுழைந்தது. அதற்கு முந்தைய பாதையிலேயே உச்ச வரம்பு 70 மைல்தான்.

ஏழு பெட்டிகளும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த எஞ்சினும் தடம் புரண்டன. முன்பெட்டி ஆற்றுத் தண்ணீருக்கு வெகு அருகில் போய் நின்றது. நான்கு பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ரயில் முழுதாக நிற்பதற்கு 6 விநாடி இருக்கும்போதுதான் வேகக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி சுழியத்துக்கு வந்தது என்றும், பிரேக் 5 விநாடி இருக்கும்போதுதான் முழுதாகப் பிடித்தது என்றும் ரயிலின் பதிவுக் கருவி காட்டியது. அதற்குள் ரயில் வளைவுக்குள் இருந்தது.

வழக்கமாக முதலில் சந்தேகப்படும் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பிரேக்கில் கோளாறில்லை. தண்டவாளமும் சிக்னலும் சரியாக இருந்தன. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, கைபேசியையும் தொடவில்லை. கண்ணை மூடித் தூங்கியதாக அவருக்கு நினைவில்லை. ஏதோ மயக்கத்தில் இருப்பதுபோல் முன்னால் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், திடீரென்று எதுவோ சரியில்லை என்று உறைத்து பிரேக்கைப் பிடித்ததாகவும் சொன்னார். முந்தைய இரவு முழுதாகத் தூங்கி எழுவதற்கு அவருக்குப் போதிய நேரம் இருந்தது என்று விசாரணையாளர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால், படுக்கையில் வேண்டிய நேரம் கிடைத்த மனிதர் காலை 7.20க்கு ஏன் கண் அசந்தார்?

விபத்துக்குப் பிறகு அவருக்கு ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை செய்தபோது பதில் கிடைத்தது. தீவிரமான அடைப்புவகை ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் நோய். அதுவரை யாரும் கண்டுபிடிக்காதது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் தந்த முடிவில், இந்த நோயால் ஓட்டுநர் தூங்கிவிட்டதும், சமீபத்தில் மாறிய வேலைநேரம் அதை மோசமாக்கியதும்தான் விபத்துக்குக் காரணம் என்று எழுதியது. ஓட்டுநர்களின் தூக்கக் கோளாறுகளைப் பரிசோதிக்க ரயில் நிறுவனத்திலோ அரசு விதிகளிலோ எந்த ஏற்பாடும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னது.

நோயாளியாக அந்த ஓட்டுநர்

இனி அவரை ரயிலிலிருந்து இறக்கி, மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவராகப் பார்ப்போம். வயது 46. ஆண். உடல் பருமன் உண்டு. குறட்டை உண்டு. களைப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பகலில் அளவுக்கு மீறித் தூக்கம் வருகிறது. இத்தனையும் விசாரணை அறிக்கையில் உள்ளவை. அவர் தன் சொந்த மருத்துவரிடமும் போயிருக்கிறார், நிறுவனம் நடத்தும் உடல்தகுதிப் பரிசோதனைகளுக்கும் போயிருக்கிறார். இரண்டு இடத்திலும் தூக்கத்தைப் பற்றிய பரிசோதனை எழுதப்படவில்லை.

கனடாவின் டொராண்டோவில் பிரான்சஸ் சுங் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 2008இல் 'ஸ்டாப்-பேங்' என்ற கேள்விப் படிவத்தை வெளியிட்டது. எட்டே கேள்விகள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா? பகலில் களைப்பா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் நிறை எண் 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா? ஆணா? ஆம் என்றால் ஒன்று. மூன்று வந்தால் நடுத்தர ஆபத்து, ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து. இந்த ஓட்டுநருக்குக் குறட்டை, களைப்பு, ஆண் என்று எடுத்த எடுப்பிலேயே மூன்று. பருமனும் கழுத்தும் ரத்த அழுத்தமும் அப்புறம்தான். அளவு நாடா ஒன்றும் இரண்டு நிமிடமும் போதும், அவரை ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பியிருக்கலாம்.

ஏன் அனுப்பவில்லை என்று ஒரு மருத்துவரை மட்டும் கைகாட்டுவது எளிது, ஆனால் அது நியாயமாகாது. களைப்பு என்று வருபவருக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை என்று பார்ப்பதுதான் எல்லா இடத்திலும் பழக்கம். அதில் ஏதாவது ஒன்று லேசாக ஏறியோ இறங்கியோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டதாக விசாரணை அங்கேயே நின்றுவிடும். "ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டாலும் நோயாளி "நல்லாத்தான் தூங்குறேன்" என்பார். பொய் சொல்லவில்லை. மூச்சு நிற்பது அவருக்கே தெரியாது. இந்த நோய்க்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான், அவரோ மருத்துவரின் அறைக்கு வருவதில்லை. வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் தூக்கம் வருகிறது என்று ஒத்துக்கொண்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வகுத்த எப்வொர்த் படிவம், எட்டுச் சூழ்நிலைகளில் கண் அசரும் வாய்ப்பை நோயாளியே மதிப்பிடச் சொல்கிறது. 24க்கு 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் பயனுள்ள படிவம். உரிமம் புதுப்பிக்க வந்த ஓட்டுநர் நிரப்பித் தந்தால், அதில் வரும் 3ஐயும் 4ஐயும் நான் நம்பமாட்டேன். கழுத்தளவும் எடையும் ரத்த அழுத்தமும் யாருக்காகவும் பொய் சொல்லாது.

ஒரு நிமிடத்துக்குள் நடப்பது

விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருப்பது தசைகள். நாக்கின் அடிப்பகுதிக்கும் மென் அண்ணத்துக்கும் பின்னால் உள்ள பாதையைத் தாங்க எலும்போ குருத்தெலும்போ கிடையாது. தூங்கியதும் தசை தளர்கிறது. பாதை ஏற்கெனவே குறுகலாக இருந்தால், கழுத்துக் கொழுப்பாலோ பின்தள்ளிய தாடையாலோ பெருத்த டான்சிலாலோ, மூச்சை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் அது முழுதாக ஒட்டிக்கொள்கிறது. குறட்டை நின்று அமைதியாகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சு வாங்க முயன்றுகொண்டே இருக்கின்றன, காற்று மட்டும் உள்ளே போவதில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட. கடைசியில் மூளை தன்னையே உலுக்கி எழுப்புகிறது. தசை இறுக, பாதை திறக்க, பலத்த உறுமலோடு மூச்சு வருகிறது. அட்ரினலின் பாய்ந்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குபீரென்று ஏறுகின்றன. இரண்டு மூன்று விநாடி விழிப்பு. நினைவில் பதியாத விழிப்பு. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

10 விநாடியாவது மூச்சு நின்றால் ஆப்னியா. நிற்காமல் வெகுவாகக் குறைந்து, ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ ஹைப்பாப்னியா. இரண்டும் சேர்த்து மணிக்கு எத்தனை என்பதுதான் ஏஎச்ஐ என்ற எண். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தொட்டால் தீவிரம். தீவிரம் என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் போராட்டம். எட்டு மணிநேரம் படுத்திருந்தாலும் ஆழ்ந்த உறக்கம் சேர்வதே இல்லை.

ஓட்டுநரின் வேலைநேரம் மாறியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் வேலையிலிருந்து அதிகாலை வேலைக்கு விபத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் மாறியிருந்தார். இரவு வெகுநேரம் விழித்துக் காலையில் தூங்கிப் பழகிய உடலுக்குள் இருக்கும் கடிகாரம், புது நேரத்துக்கு வந்து சேரச் சமயம் எடுக்கும். கடிகாரத்தில் காலை 7.20 என்றாலும் அவருடைய உடலுக்கு அது தூங்கும் நேரம். ஏற்கெனவே தூக்கக் கடனில் இருந்தவர் மேல் இதுவும் ஏறியது. சீரான ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அமைதி. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி அணைந்துபோகும் நுண்தூக்கத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. மணிக்கு 132 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 37 மீட்டர் ஓடிவிடும்.

எந்த ஆபத்தை முதலில் சொல்வது?

ஸ்லீப் ஆப்னியா என்றதும் மாரடைப்பு, பக்கவாதம் என்று பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. தொடர்பு இருப்பது உண்மைதான். மூன்று நான்கு மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்காதவர்களிடம் இந்த நோய் மிக அதிகம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு, பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு எல்லாவற்றோடும் கைகோத்து வருகிறது. சிகிச்சை எடுக்காத தீவிர நோயாளிகளுக்கு இதய நோய் மரணங்கள் கூடுதல் என்று ஸ்பெயினில் சுமார் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும், அதன் பிறகு வலிக்கு ஓபியாய்டு என்ற அபின் வகை மருந்து கொடுக்கும்போதும் மூச்சு அடைக்கும் ஆபத்து தனி.

ஆனால் சிகிச்சை எடுத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரை வைத்து நடந்த 'சேவ்' ஆய்வு 2016இல் வெளியானது. மூக்குவழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைக் கொடுத்த குழுவில் மாரடைப்பும் பக்கவாதமும் இறப்பும் குறையவில்லை. அவர்கள் கருவியைப் போட்டுக்கொண்டது சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணிநேரம்தான் என்பதையும், பகல்தூக்கம் மிக அதிகமானவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதே ஆய்வில் பகல்தூக்கம் குறைந்தது, மனநிலையும் அன்றாட வாழ்வும் மேம்பட்டன.

அதனால்தான் என் பார்வையில் முதலில் சொல்ல வேண்டிய ஆபத்து பகல்தூக்கம். அது இன்றைக்கே இருப்பது, வண்டி ஓட்டுபவருக்கும் உயரத்தில் வேலை செய்பவருக்கும் இன்றைக்கே உயிரை எடுக்கக்கூடியது, அதோடு சிகிச்சையில் உறுதியாகவும் சீக்கிரமாகவும் சரியாவது. அமெரிக்காவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தின் ஓட்டுநர்களை வைத்து 2016இல் வந்த ஆய்வு ஒன்று இதைப் பளிச்சென்று காட்டியது. ஸ்லீப் ஆப்னியா என்று தெரிந்தும் கருவியைப் போடாதவர்களுக்கு, தடுத்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் மற்றவர்களைப்போல் ஐந்து மடங்கு. ஒழுங்காகப் போட்டவர்களுக்கு நோய் இல்லாதவர்கள் அளவுக்கு இறங்கியது.

இந்த நோய் அபூர்வமானதும் அல்ல. உலகம் முழுக்க 30 முதல் 69 வயதுக்குள் சுமார் 93.6 கோடிப் பேருக்கு லேசானதிலிருந்து தீவிரமானது வரை ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்றும், அதில் 42.5 கோடிப் பேருக்கு நடுத்தரமோ தீவிரமோ என்றும் 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் வரும். பெண்களிடம் சத்தமான குறட்டைக்குப் பதிலாகத் தூக்கமின்மை, காலைத் தலைவலி, சோர்வு என்று வந்து வேறு பெயரில் சிகிச்சை நடக்கும்.

பரிசோதனை

முழுமையான ஸ்லீப் ஸ்டடி என்பது ஆய்வகத்தில் ஓர் இரவு. மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூக்குக் காற்றோட்டம், நெஞ்சு வயிற்று அசைவு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாம் பதிவாகும். வேறு சிக்கலான நோய் இல்லாமல், அடைப்புவகைதான் என்ற சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய கருவி போதும். அதில் மூளை அலை பதிவாவதில்லை. எவ்வளவு நேரம் தூங்கினார் என்று தெரியாததால், விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுக்கிறது. எண் உள்ளதைவிடக் குறைவாக வர வாய்ப்புண்டு. ஆகவே வீட்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் அறிகுறிகள் பலமாக இருந்தால் ஆய்வகத்தில் மறுபடி பார்ப்பதுதான் சரி.

சிகிச்சை: அந்த ஓட்டுநருக்கும் மற்றவர்களுக்கும்

விபத்துக்குப் பிறகு ஓட்டுநருக்குச் சிபாப் கொடுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே நல்ல பலன் தந்ததாக விசாரணைப் பதிவு சொல்கிறது. படிக்கும்போது மனம் கனக்கும் வரி இதுதான். சிகிச்சை கிடைக்காத நோயல்ல இது.

சிபாப் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார் போன்ற ஊதுகருவியை வைத்து, மூக்குவழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்க முடியும் என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டி 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அதற்கு முன்பு தீவிர நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளைத்து வைப்பது. இப்போதைய கருவிகள் சத்தமில்லாதவை, தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தாமே மாற்றிக்கொள்பவை, எத்தனை மணிநேரம் போட்டார் என்று கணக்கும் வைப்பவை.

கருவி வாங்கியதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலோர் கைவிடுவது முதல் சில வாரங்களில். காரணங்கள் சின்னச் சின்னவை. முகக்கவசம் அளவு சரியில்லாமல் காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும். இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் புண். வாயைத் திறந்து தூங்கினால் காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூக்கடைப்பு இருந்தால் மூச்சு முட்டும். இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. வேறு அளவிலோ வேறு வகையிலோ கவசம், காற்றை ஈரப்படுத்தும் அமைப்பு, மூக்குக்கு ஸ்ப்ரே, தூங்கும்வரை அழுத்தத்தைக் குறைத்து மெல்ல ஏற்றுவது. கவசத்தைக் கண்டாலே பயம் என்றால் பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழகலாம். இரவுக்கு 4 மணிநேரம், 70 சதவீத இரவுகள் என்பது பல இடங்களில் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கும் கணக்கு. அதைத் தொட்டுவிட்டோம் என்று நிறுத்திக்கொள்வதில் அர்த்தமில்லை. விடிகாலையில் கனவுத் தூக்கம் அதிகம், அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்து அடைப்பும் கடுமையாகும். நாலு மணிக்குக் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தூங்குபவர் மோசமான பகுதியைச் சிகிச்சை இல்லாமல் கழிக்கிறார்.

சிபாப் ஒத்துவராதவர்களுக்கும், லேசானது முதல் நடுத்தரம் வரை உள்ளவர்களுக்கும் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவி உண்டு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டியது. மல்லாந்து படுத்தால் மட்டும் அடைப்பு வருபவர்கள் ஒருக்களித்துப் படுப்பதே பாதி வைத்தியம். மதுவும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், எனவே "தூக்கம் சரியில்லை" என்று இந்த நோய் உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. பெரியவர்களுக்கான தொண்டை அறுவைச் சிகிச்சைகளின் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நாக்கை முன்தள்ளும் நரம்பைத் தூக்கத்தில் தூண்டிவிடும், உடலுக்குள் பதிக்கும் கருவிக்கு 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது.

எடையைக் குறைத்தால் ஏஎச்ஐ இறங்கும் என்பது பழைய செய்தி. புதியது, 2024 டிசம்பரில் டிர்செபடைட் என்ற எடைக்குறைப்பு ஊசிக்கு, பருமனோடு கூடிய நடுத்தர, தீவிர ஸ்லீப் ஆப்னியாவுக்காகவே அமெரிக்காவில் கிடைத்த ஒப்புதல். சராசரியாக மணிக்கு 50 அடைப்புகள் வரை இருந்தவர்களிடம் ஓராண்டில் 25க்கும் மேல் குறைந்தது. மீதி உள்ள அடைப்புகளுக்குப் பலருக்கு இன்னும் கருவி தேவைப்படலாம். ஊசி எடுக்கிறேன் என்று கருவியை மூலையில் வைப்பது சரியல்ல. எடை இறங்கிய பிறகு மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை

ஓட்டுநர் மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை. அவர் இருந்த முன்பெட்டியில், அசைவில்லாமல் இருந்தால் ஒலியெழுப்பி எழுப்பும் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அது பின்னாலிருந்த எஞ்சினில் இருந்தது. மெட்ரோ-நார்த் தன் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியதும் அவர்களில் 11.6 சதவீதத்தினருக்கு ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ ஒன்பது ஓட்டுநருக்கு ஒருவர்.

2016 செப்டம்பர் 29 அன்று நியூஜெர்சியின் ஹோபோகன் முனையத்தில் ஒரு ரயில் நிற்காமல் நடைமேடையில் ஏறியது. ஒருவர் இறந்தார், 110 பேர் காயமடைந்தார்கள். அந்த ஓட்டுநர் அதே ஆண்டு ஜூலையில்தான் உடல்தகுதிப் பரிசோதனையில் தேறியிருந்தார். விபத்துக்குப் பிறகு பார்த்தால் தீவிர ஸ்லீப் ஆப்னியா. 2017 ஜனவரி 4 அன்று புரூக்ளினின் அட்லாண்டிக் முனையத்தில் இன்னொரு ரயில், 108 பேருக்குக் காயம், மறுபடி அதே நோய். ரயில், லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கொண்டுவரலாமா என்று 2016 மார்ச்சில் தொடங்கிய விதியாக்க முயற்சியை அமெரிக்க அரசு 2017 ஆகஸ்டில் கைவிட்டது. வேக வரம்பை மீறினால் தானே பிரேக் பிடிக்கும் பாசிட்டிவ் டிரெயின் கன்ட்ரோல் அமைப்பு, சட்டம் கட்டாயமாக்கிய பாதைகளில் 2020 இறுதிக்குள் பொருத்தப்பட்டுவிட்டது.